நார்தர்ன் எக்ஸ்போஷர் இசைத்தட்டு: ஏன் இத்தனை கலவை, வாங்கலாமா?

கோலாலம்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலில் வார இறுதிச் சந்தையில் பழைய சிடிக்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது 'நார்தர்ன் எக்ஸ்போஷர்' தொடரின் இசை ஆல்பம் கண்ணில் பட்டதாம், 15 வெள்ளி (ரிங்கிட்) சொல்கிறார்களாம். பின்னட்டையைத் திருப்பினால் நாட் கிங் கோல், லினர்ட் ஸ்கினர்ட், மிரியம் மகேபா, ஓர் ஓபரா பாடகி என்று ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத ஆட்கள். இது கம்பெனி கையில் கிடைத்ததை எல்லாம் அள்ளிப் போட்ட தட்டா, இல்லை நிஜமாகவே தொடரில் வந்த இசையா, வாங்கலாமா, அப்புறம் தொடரை டிவிடியில் பார்த்தபோது இந்தப் பாட்டெல்லாம் காதில் விழுந்த மாதிரியே இல்லையே, ஏன் என்று கேட்கிறார்.

வாங்குங்கள் தம்பி, யோசிக்கவே வேண்டாம். அது தொடரில் ஒலித்த இசைதான். அந்தக் கலவை தானாக வந்து சேர்ந்ததும் இல்லை, கதைக்குள்ளேயே அதற்குக் காரணம் இருக்கிறது. டிவிடியில் ஏன் கேட்கவில்லை என்பதற்கும் தெளிவான பதில் உண்டு. எனக்கு ரொம்பப் பிடித்த தட்டு என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இது நம் கண்ணுக்கு ஏன் விசித்திரமாகப் படுகிறது? நாம் வளர்ந்த கணக்கு வேறு. படம் என்றால் ஓர் இசையமைப்பாளர், அட்டையில் அவர் பெயர் பெரிதாக, ஐந்தாறு பாட்டும் அவர் போட்டது. பினாங்கு மார்க்கெட் ஸ்திரீட்டில் ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம் என்று கேசட் வாங்கிய காலத்தில்கூட ஒரு பக்கத்துக்கு ஒரு ஆள்தான். அதே கண்ணோடு இந்தத் தட்டைப் பார்த்தால் குழம்பத்தான் செய்யும். மொத்தம் 12 தடங்கள். அதில் தொடரின் இசையமைப்பாளர் டேவிட் ஸ்வார்ட்ஸ் வருவது மூன்றே இடத்தில். மற்ற ஒன்பதும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு ஊரில், இந்தத் தொடரை மனதில் வைக்காமல் யாரோ பாடி வைத்தவை.

தொடரைப் பற்றித் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஜோஷுவா பிராண்ட், ஜான் ஃபால்சி இருவரும் உருவாக்கி, அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1990 ஜூலையிலிருந்து 1995 ஜூலை வரை 110 பகுதிகள் வந்தது. நியூயார்க்கில் பிறந்து வளர்ந்த இளம் டாக்டர் ஒருவர், தன் படிப்புச் செலவை அலாஸ்கா மாநிலம் கட்டியதற்குப் பதிலாக, அங்கே சிசிலி என்ற குக்கிராமத்தில் போய் வேலை பார்த்தாக வேண்டும். அந்த ஊர் ஆட்கள் ஒவ்வொருவரும் ஒரு தினுசு. சிரிப்புத் தொடர்தான், ஆனால் சிரிக்க வேண்டிய இடத்தில் பின்னணியில் யாரும் சிரித்துக் காட்ட மாட்டார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான 1992 எம்மி விருதில் சிறந்த டிராமா என்ற பரிசே இதற்குப் போனது, அந்த அளவுக்கு எந்தப் பெட்டியில் போடுவது என்று சொல்ல முடியாத சரக்கு. படம் பிடித்தது அலாஸ்காவில் இல்லை, வாஷிங்டன் மாநிலத்தில் ராஸ்லின் என்ற பழைய நிலக்கரிச் சுரங்க ஊரில்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஊரில் ஒரே ஒரு வானொலி நிலையம். கேபிஎச்ஆர் என்று பெயர், ஊரார் வாயில் கே-பேர். காலை நிகழ்ச்சியை நடத்துபவன் கிறிஸ் ஸ்டீவன்ஸ் என்ற இளைஞன், ஜெயிலுக்குப் போய்வந்தவன், தத்துவமும் கவிதையும் கரைத்துக் குடித்தவன். தெருவைப் பார்த்த கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து மைக்கில் பேசுவான், படிப்பான், தோன்றிய பாட்டைப் போடுவான். நிலையத்தின் முதலாளி மாரிஸ், முன்னாள் விண்வெளி வீரர், பணக்காரர், பிடிவாதக்காரர்.

தொடரின் இரண்டாவது பகுதியிலேயே என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். கவிஞர் வால்ட் விட்மன் ஆண்களை விரும்பியவர் என்று கிறிஸ் வானொலியில் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறான். மாரிஸுக்குக் கோபம் தலைக்கேறி அவனை அடித்து வெளியே துரத்திவிட்டு, தானே மைக்கைப் பிடித்துக்கொள்கிறார். அவருக்குப் பிடித்தது பிராட்வே மேடை நாடகப் பாட்டுகள், அவ்வளவுதான். காலை, மாலை, இரவு எல்லா நேரமும் அதேதான். ஊர் முழுக்க ஜனங்களுக்கு முகம் தொங்கிவிடுகிறது, கடைசியில் கிறிஸைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாகிறது. ஒரு மனிதனின் ஒரே ரசனையை ஊர் பூராவும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதைத் தொடர் தொடங்கிய அடுத்த வாரமே கதையாகச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பகுதியைப் பார்த்துவிட்டு இந்த ஆல்பத்தின் பின்னட்டையைப் படியுங்கள், கிறிஸின் மேசைமேல் கிடக்கும் தட்டுகளின் பட்டியல் மாதிரிதான் இருக்கும்.

இது தயாரிப்பு முறையிலும் தெரியும். பெரும்பாலான தொடர்களில் பாட்டு என்பது காட்சியின் மேல் வெளியிலிருந்து ஊற்றுவது, பாத்திரங்களுக்கு அது கேட்காது. இங்கே பல இடங்களில் பாட்டு கதைக்குள் இருக்கிறது. கிறிஸ் ஊசியை வைக்கிறான், பாட்டு வானொலி நிலையத்தில் ஆரம்பிக்கிறது. அடுத்த காட்சியில் ரூத்-ஆன் அம்மாவின் மளிகைக் கடையில் சின்ன ரேடியோவில் அதே பாட்டு தகர டப்பா சத்தத்தில் ஓடுகிறது. அங்கிருந்து ஒரு வண்டிக்குள், அப்புறம் யாரோ தனியாக உட்கார்ந்திருக்கும் வீட்டுக்குள் என்று போகிறது. போகப் போக ரேடியோவின் கரகரப்பு மறைந்து முழு ஒலியாக விரிந்து, கடைசியில் அது அந்த மனிதரின் மனநிலைக்கே பின்னணி இசையாகிவிடும். ஒரே நேரத்தில் ஊரில் எல்லாரும் ஒரே பாட்டைக் கேட்கிறார்கள், ஆளுக்கு ஒரு கவலையோடு. இன்னொரு ஊற்று, பிரிக் என்ற மதுக்கடையில் இருக்கும் ஜூக்பாக்ஸ், காசு போட்டால் கேட்ட பாட்டைப் போடும் பெட்டி. ராஸ்லினில் அதே பெயரில் நிஜமாகவே ஒரு பழைய மதுக்கடை இருக்கிறது, அந்தப் பெயரையே தொடரிலும் வைத்துக்கொண்டார்கள். ஆக மொத்தம் வானொலி, ஜூக்பாக்ஸ், ஸ்வார்ட்ஸின் இசை, இந்த மூன்றும்தான் அந்தத் தட்டு.

சரி, தட்டைப் போடுவோம். 1992ல் எம்சிஏ ரெக்கார்டு கம்பெனி வெளியிட்டது. முதல் தடம் தொடரின் முகப்பு இசை. ஆளில்லாத தெருவில் ஒரு மூஸ் மான் ஆடி அசைந்து நடந்து போகும், அதற்கு மேல் மவுத் ஆர்கனும் அக்கார்டியனும் சேர்ந்து ஒரு துள்ளல் மெட்டு. லூசியானா பக்கத்துக் கேஜன் இசையின் சாயல், கீழே கரீபியத் தாளம், எங்கேயும் அலாஸ்காப் பனி கிடையாது. அதுதான் அதன் அழகு. பனி ஊர் என்றவுடன் புல்லாங்குழலும் காற்றுச் சத்தமும் வைக்காமல், வேற்றூரிலிருந்து வந்து தங்கிவிட்டவர்களின் இசையை வைத்தார் ஸ்வார்ட்ஸ். அடிப்படையில் அவர் பேஸ் கிதார் வாசிப்பவர் என்று தெரிந்துகொண்டு கேட்டால் கீழ்ச்சுரம் எவ்வளவு சுறுசுறுப்பாக நகர்கிறது என்பது புலப்படும். பின்னாளில் 'டெட்வுட்' முகப்பு இசையும், 'அரெஸ்டெட் டெவலப்மென்ட்', 'தி குட் பிளேஸ்' தொடர்களின் இசையும் போட்டவர் இவர்தான்.

அடுத்து டேனியல் லான்வாவின் 'ஜோலி லூயீஸ்'. கனடாவில் கியூபெக்காரர். யூ2 குழுவின் 'தி ஜோஷுவா ட்ரீ'யைப் பிரையன் ஈனோவோடு சேர்ந்து தயாரித்தவர். பாட்டில் பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம், நாம் தமிழில் பேசிக்கொண்டே நடுவில் மலாய்க்குத் தாவுவோமே, அவ்வளவு இயல்பாக. மெட்டு திருவிழா மாதிரி இருக்கும். வார்த்தையைக் கவனித்தால், ஆலையில் வேலை பார்ப்பவன் காதலித்துக் கல்யாணம் செய்து, வேலை போய், குடியில் விழுந்து, பெண்டாட்டி பிள்ளைகளை இழந்து நிற்கும் கதை. சிரித்த முகத்தோடு சொல்லும் துக்கம். தொடரின் மொத்தக் குணமே அதுதான் என்பதால் இரண்டாவது இடத்தில் இதை வைத்தது சரியான முடிவு.

புக்கர் டி அண்ட் தி எம்ஜிஸ் குழுவின் 'ஹிப் ஹக்-ஹர்' 1967ல் மெம்ஃபிஸில் ஸ்டாக்ஸ் கம்பெனியில் பதிவானது, வாய்ப்பாட்டே இல்லை, ஆர்கனும் கிதாரும் மட்டும் பேசிக்கொள்ளும். எட்டா ஜேம்ஸின் 'அட் லாஸ்ட்' எல்லாருக்கும் தெரிந்ததுதான், கல்யாண விருந்துகளில் போட்டுப் போட்டுத் தேய்ந்துபோன பாட்டு. ஆனால் அந்த வயலின்கள் எழும்பி அவர் முதல் சொல்லை இழுக்கும்போது இன்னும் எனக்கு மெய் சிலிர்க்கிறது. ஐந்தாவதாக வரும் சிக் ஸ்ட்ரீட் மேனின் பாட்டும், ஆறாவதாக ஸ்வார்ட்ஸின் 'அலாஸ்கன் நைட்ஸ்' இசையும் நன்றாக இருக்கும், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஏழாவது தடத்தில்தான் பலர் எழுந்து போய் அடுத்த பாட்டுக்கு மாற்றுவார்கள், நீங்கள் மாற்றாதீர்கள். மேகசின் 60 என்ற பிரெஞ்சுக் குழு, பாடுவது ஸ்பானிஷில், பாட்டு 'தோன் கிஷோட்'. எண்பதுகளின் ஐரோப்பிய டிஸ்கோ, சிந்தசைசர், இயந்திரத் தாளம், சுத்தமான துள்ளாட்டம். அதற்கு நேர் பின்னால் நாட் கிங் கோல் மெல்லிய குரலில் பழைய காலத்துக் காதல் பாட்டைப் பாடுகிறார். அதற்கு அடுத்தது மிரியம் மகேபா, தென்னாப்பிரிக்க அரசு 1960ல் கடவுச்சீட்டைப் பறித்ததால் முப்பது வருடம் சொந்த மண்ணை மிதிக்க முடியாமல் 1990ல்தான் திரும்பியவர். அவருக்கு அடுத்து லினர்ட் ஸ்கினர்ட் என்ற ராக் குழு, 1973ல் வந்த அவர்களின் முதல் ஆல்பத்துப் பாட்டு. மதுக்கடையில் இன்னொருவன் பெண்ணோடு ஆடிவிட்டு, துப்பாக்கி முனையில் மாட்டிக்கொண்டு, கதவுப் பக்கம் ஓட மூன்றடி வழி விடய்யா என்று கெஞ்சுபவனின் கதை. பிரிக் கடை ஜூக்பாக்ஸுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

அந்தக் கிதார் ஓசை அடங்கியதும் வருவதுதான் இந்தத் தட்டில் நான் அதிகம் கேட்டது, 'பைலேரோ'. பிரான்சில் அவெர்ன் மலைப்பகுதியின் நாட்டுப்பாடல்களை ஜோசஃப் கான்டலூப் என்பவர் சேகரித்து, 1920களில் தொடங்கி ஆர்கெஸ்ட்ராவோடு பாடும்படி அமைத்தார். மொழி பிரெஞ்சு இல்லை, அந்தப் பக்கத்து ஆக்சிடன் மொழி. பாடுபவர் ஃபிரெடெரிக்கா வான் ஸ்டாடே, அமெரிக்க ஓபரா பாடகி, மெட்ஸோ-சொப்ரானோ என்கிற இடைத்தரப் பெண்குரல். ஆற்றுக்கு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரையில் இருக்கும் மேய்ப்பனைக் கூப்பிடுவது, அவ்வளவுதான் பாட்டு. இந்தப் பக்கம் புல் நன்றாக இருக்கிறது வா என்கிறது குரல், நடுவே தண்ணீர் இருக்கிறதே எப்படி வருவது என்று பதில். நம் கணக்கில் சொன்னால் முல்லை நிலத்துப் பாட்டு. குரல் ஒரு வரியை நீட்டி முடித்ததும் வாத்தியங்கள் உடனே பிடித்துக்கொள்ளாமல் கொஞ்சம் விட்டுப் பிடிக்கும், கூப்பிட்ட குரல் தண்ணீர் தாண்டிப் போய்ச் சேர நேரம் கொடுப்பது போல. ராக் பாட்டு கேட்ட காதோடு இதைக் கேட்பதும், ஓபரா தட்டில் வரிசையாகக் கேட்பதும் ஒன்றாக இருக்காது. வரிசை அமைத்தவருக்கு அது தெரிந்திருக்கிறது. கடைசித் தடமாக ஸ்வார்ட்ஸின் சில துண்டுகளைக் கோத்த ஒரு தொகுப்போடு தட்டு முடிகிறது.

குறை உண்டா என்றால் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சிசிலி ஊர் ஜனங்களில் நிறையப் பேர் பூர்வகுடிகள். டாக்டரின் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் மேரிலின், சினிமாப் பைத்தியம் எட் இருவரும் தொடரின் தூண்கள். ஆனால் இந்த முதல் ஆல்பத்தில் பூர்வகுடிப் பாடகர் ஒருவர்கூட இல்லை. ஆப்பிரிக்காவுக்கும் பிரான்சுக்கும் போன கை பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். 1994ல் 'மோர் மியூசிக்' என்று இரண்டாவது ஆல்பம் வந்தபோதுதான் அது கொஞ்சம் சரியானது. அந்தத் தட்டே ஓஜிப்வே என்ற பூர்வகுடி இனத்தின் காதல் பாட்டோடு தொடங்கும், ஒனைடா இனப் பாடகி ஜோன் ஷெனன்டோவாவும் இருக்கிறார்.

இந்தக் கலவை பினாங்குக்காரனான எனக்கு அந்நியமாகப் படவில்லை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். 1929ல் இதே தீவில் பிறந்த மலாய்ப் பாடகர், நடிகர் பி. ரம்லி மலாய்ப் பாட்டுக்குள் மாம்போ, சா-சா என்ற லத்தீன் ஆட்டத் தாளங்களையும் இந்துஸ்தானி சாயலையும் இந்தோனேசியாவின் குரோஞ்சோங் இசையையும் கொண்டுவந்தார், யாரும் அதைக் கலப்படம் என்று சொல்லவில்லை, நம் ஊர்ப் பாட்டு என்றார்கள். மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவுக்கடை) ஒரு தே தாரேக், அதாவது ஆற்றிய டீ, குடித்து முடிப்பதற்குள் மலாய், இந்தி, தமிழ் மூன்றும் காதில் விழுந்து, பக்கத்துக் கடையிலிருந்து ஹாக்கியன் சீனப் பாட்டும் வந்து சேரும். அப்படிக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தத் தட்டு அமெரிக்கர்களைவிடச் சீக்கிரம் பிடிபட வேண்டும் என்பது என் எண்ணம்.

இப்போது டிவிடி கேள்வி. உங்கள் காது சரியாகத்தான் இருக்கிறது தம்பி, அந்தப் பாட்டுகளில் நிறைய டிவிடியில் இல்லை. ஒரு பழைய பாட்டைத் தொலைக்காட்சியில் பயன்படுத்த இரண்டு அனுமதி வேண்டும். பாட்டை எழுதி மெட்டமைத்தவர் பக்கம் ஒன்று, அந்தக் குறிப்பிட்ட பதிவை வைத்திருக்கும் ரெக்கார்டு கம்பெனி பக்கம் இன்னொன்று. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தொடர் எடுத்தவர்கள் ஒளிபரப்புக்குத்தான் அனுமதி வாங்கினார்கள். வீட்டுக்கு வீடு தொடரைப் பெட்டி பெட்டியாக விற்கும் காலம் வரும் என்று அப்போது யாரும் எதிர்பார்க்கவில்லை. 2004ல் டிவிடி வந்தபோது ஒவ்வொரு பாட்டுக்கும் புதிதாகப் பணம் கட்ட வேண்டிய நிலை. ஒரு பகுதிக்கே பல பாட்டு, மொத்தம் 110 பகுதி, கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 பகுதிகளே உள்ள முதல் சீசனில் பெரும்பாலும் அசல் இசையை வைத்தார்கள், விலையும் கூடுதலாக இருந்தது. இரண்டாவது சீசனிலிருந்து பல பாட்டுகளை எடுத்துவிட்டு, ஏதோ பொதுவான இசையை அந்த இடத்தில் நிரப்பிவிட்டார்கள்.

மற்ற தொடர்களில் இது சின்ன நஷ்டம். ஆனால் வானொலியை நடுவில் வைத்துக் கதை சொல்லும் தொடரில் பாட்டை மாற்றினால் கதையிலேயே ஓட்டை விழுகிறது. வானொலியை நடுவில் வைத்துக் கதை சொல்லும் தொடரில் பாட்டை மாற்றினால் கதையிலேயே ஓட்டை விழுகிறது. கிறிஸ் ஒரு பாட்டைப் பற்றி உருகிப் பேசிவிட்டு ஊசியை வைப்பான், வருவது பெயர் தெரியாத ஏதோ ஒரு கிதார். நடிகர்களின் முகம் அசல் பாட்டுக்கு ஏற்றபடி மாறும், நமக்குக் கேட்பது வேறு. பார்க்கும்போது எங்கேயோ இடிக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும், காரணம் இதுதான்.

அசல் இசையோடு பார்க்க வேண்டுமென்றால் 2018ல் பிரிட்டனில் வந்த புளூ-ரே தொகுப்பைத் தேடுங்கள், அதில் பழைய பாட்டுகளைத் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை, புளூ-ரே தட்டுகள் உலகை மண்டலங்களாகப் பிரித்துப் பூட்டி விற்கப்படுபவை, பிரிட்டன் பி மண்டலம், மலேசியா ஏ மண்டலம். உங்கள் பிளேயர் எல்லா மண்டலமும் எடுக்குமா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள், இல்லாவிட்டால் பெட்டியை அலமாரியில் வைத்து அழகு பார்க்க வேண்டியதுதான்.

சந்தையில் அந்த சிடியை எடுக்கும்போது செய்ய வேண்டியது. அட்டையைத் திறந்து உள்ளே இருக்கும் புத்தகத்தை மெதுவாகப் பிரியுங்கள். நம் ஊர் ஈரத்துக்குப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், வெடுக்கென்று இழுத்தால் அச்சு உரிந்து வந்துவிடும். தட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, வெள்ளிப் பூச்சில் ஊசி முனை அளவில் வெளிச்சம் தெரிகிறதா, ஓரத்தில் பூஞ்சை கிளை விட்டிருக்கிறதா என்று பாருங்கள். மேல்மட்டக் கீறல் பரவாயில்லை, பெரும்பாலும் ஓடிவிடும், பூச்சு போயிருந்தால் வேண்டாம். தட்டு சுத்தமாக இருந்தால் 15 வெள்ளி நல்ல விலை, பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நிற்பவர் எடுத்துக்கொண்டு போய்விடப் போகிறார்.

முதல் தடவை கேட்கும்போது ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை வரிசையாகக் கேளுங்கள், கலைத்துப்போட்டுக் கேட்காதீர்கள். இரண்டாவது ஆல்பமும் எங்காவது கிடைத்தால் அதையும் விடாதீர்கள், அதன் கடைசிப் பாட்டு ஐரிஸ் டெமென்ட் பாடிய 'அவர் டவுன்'. 1995ல் தொடரின் கடைசிப் பகுதி முடியும்போது ஊர் ஆட்களை ஒவ்வொருவராகக் காட்டிக்கொண்டே போவார்கள், அப்போது ஒலிப்பது அந்தப் பாட்டுதான். அதனால் தொடரை முழுக்கப் பார்த்து முடிக்கும்வரை அந்த ஒரு தடத்தை மட்டும் போடாமல் வைத்திருங்கள்.